எண்ணெயும் காரமும் கணக்கும்

வீட்டுச் சோப்பைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவையும் பேசப்படுபவையும் இரண்டே வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று செய்முறை, மற்றொன்று புகழ்ச்சி. செய்முறை சொல்பவர் செய்து முடித்த சோப்பை மதிப்பிடுவதில்லை. புகழ்பவர் அது எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்பதில்லை. சுய உதவிக் குழுப் பயிற்சிகளிலிருந்து அடுக்குமாடிச் சமையலறைகள் வரை பரவிவிட்ட ஒரு கைத்தொழிலுக்கு, இது நல்ல சோப்பு, இது சுமார், இது சோப்பே அல்ல என்று பிரித்துச் சொல்லும் விமர்சன மொழி இன்னும் அமையவில்லை. புழக்கத்தில் உள்ள ஒரே அளவுகோல் 'இயற்கை' என்பது. அது அளவுகோலே அல்ல. எட்டிக்காயும் இயற்கையாக விளைவதுதான்.

முறையில் பிசகு இல்லையா, சொல்லும் கொள்கையும் செய்யும் செயலும் ஒட்டுகின்றனவா, கையில் வரும் பொருள் தன் வேலையைச் செய்கிறதா என்று கேட்பதே சரியான வழி. அப்படிக் கேட்டுக்கொண்டு போனால், இந்தத் துறையின் உண்மையான சாதனை அது விளம்பரம் செய்துகொள்ளும் இடத்தில் இல்லை என்பது தெரியவரும்.

முதலில் வம்சாவளி. 'பாட்டி காலத்துச் சோப்பு' என்று உறைமேல் எழுதுகிறார்கள். பாட்டி சோப்பு செய்யவில்லை. உடம்புக்குப் பயற்றமாவு, தலைக்குச் சீயக்காயும் அரப்பும், பட்டுக்குப் பூந்திக்கொட்டை, வெளுப்புக்கு உவர்மண் என்பதுதான் தமிழ் வீட்டின் பழைய ஏற்பாடு. கொழுப்பைக் காரத்தோடு சேர்த்துக் கட்டியாக்கும் கலை அலெப்போவுக்கும் நாப்லஸுக்கும் மார்சேய்க்கும் உரியது. நம் பக்கத்துக்கு அது தொழிற்கூடம் வழியாகத்தான் வந்தது: 1914-இல் சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் தொடங்கிய சோப்புக் கூடம், அதையடுத்துப் பெங்களூரில் மைசூர் அரசின் சந்தன சோப்பு, கல்கத்தாவிலிருந்து மார்கோ, 1940-இல் இரிஞ்ஞாலக்குடாவில் கேசவன் வைத்தியரின் சந்திரிகா. வீட்டுச் சோப்புக்கு முன்னோடி என்று ஒருவரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், 1969-இல் சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்துகொண்டே வீட்டில் மூலிகைச் சோப்பு செய்யத் தொடங்கிய வி.பி. சித்தனைச் சொல்லலாம். அதுதான் மெடிமிக்ஸ் ஆனது. அரை நூற்றாண்டு தாண்டிய அந்த வரலாறு போதாதா? இல்லாத தொன்மையை ஒட்டவைத்ததும், கலை தன்னை வேதியியலால் நிரூபிக்கும் பொறுப்பிலிருந்து நழுவிவிடுகிறது.

அந்த வேதியியல் எளிமையானது. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசரினோடு பிணைந்திருக்கின்றன. காஸ்டிக் சோடா அந்தப் பிணைப்பை அறுக்கிறது. அமிலங்கள் சோடியத்தோடு சேர்ந்து சோப்பாகின்றன. கிளிசரின் விடுபட்டு நிற்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ருல் 1823-இல் நூலாகவே எழுதி வைத்துவிட்ட விஷயம். எந்த எண்ணெய்க்கு எவ்வளவு காஸ்டிக் என்பதும் தீர்ந்துபோன கணக்கு: ஒரு கிராம் தேங்காயெண்ணெய்க்கு 0.183 கிராம், நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. இந்தக் கணக்கிலிருந்து ஐந்து சதவீதம் குறைத்துப் போட்டால் கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும். பயிற்சி வகுப்புகளில் இதை 'சூப்பர்ஃபேட்' என்பார்கள். தோல் வறளாமல் இருக்க விடும் மிச்சம் அது. கைப்பிழைக்கு விடும் இடைவெளியும் அதுவே.

காஸ்டிக்கைத் தண்ணீரில் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகாது. கையுறையும் கண்ணாடியும் வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. இவற்றை நம் செய்முறையாளர்கள் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார்கள். பாதுகாப்பில் காட்டும் இந்தக் கறாரை அளவில் காட்டுவதில்லை என்பதுதான் குறை. எண்ணெய் நம் கடைகளில் லிட்டரில் கிடைக்கிறது. காஸ்டிக் கிராமில் கிடைக்கிறது. 'ஒரு லிட்டர் தேங்காயெண்ணெய்க்கு இவ்வளவு காஸ்டிக்' என்று சொல்லும்போது லிட்டரைச் சத்தமில்லாமல் கிலோவாக்கிவிடுகிறார்கள். ஒரு லிட்டர் தேங்காயெண்ணெயின் எடை ஏறத்தாழ 915 கிராம். ஒரு கிலோவுக்கு என்று நினைத்து, ஐந்து சதவீதம் குறைத்துப் போட்ட காஸ்டிக் 174 கிராம். 915 கிராம் எண்ணெய் துளி மிச்சமில்லாமல் சோப்பாவதற்கே 167 கிராம்தான் வேண்டும். ஆக, காப்பாக விட்ட இடைவெளி முழுவதும் போய், அதற்கு மேல் ஆறேழு கிராம் காஸ்டிக் கட்டிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். கடையில் வாங்கிய காஸ்டிக் செதில் ஈரத்தை உறிஞ்சிப் பலம் குறைந்திருந்தால் இந்தத் தவறு தெரியாமல் போகும். புது டப்பா திறந்த அன்று கை எரியும். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் பிறந்த நல்ல சோப்பை நான் நல்ல சோப்பு என்று சொல்ல மாட்டேன். அதை மறுபடி செய்ய முடியாது.

சோதித்துப் பார்க்கும் முறைகளும் இதே ரகம். மஞ்சள்பொடி தடவினால் சிவக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். மஞ்சள் எந்தக் காரத்துக்கும் சிவக்கும். பிசகில்லாமல் செய்த சோப்பும் காரம்தான் என்பதால் அதற்கும் சிவக்கும். நல்லதையும் கெட்டதையும் ஒரே நிறத்தில் காட்டும் சோதனையால் யாருக்கு என்ன பயன்? நாக்கு நுனியில் லேசாகத் தொட்டுப் பார்ப்பது அநாகரிகமாகத் தோன்றினாலும் அதைவிட நேர்மையானது. மிச்சக் காஸ்டிக் இருந்தால் பேட்டரி முனையைத் தொட்டதுபோல் சுரீரென்று இழுக்கும்.

முறை சரியாக இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு மாதிரியை நெருங்கிப் பார்க்கலாம். தேங்காயெண்ணெய் 300 கிராம், நல்லெண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50. காஸ்டிக் 77 கிராம், தண்ணீர் அதைப்போல் இரண்டு மடங்கு. நம் வெயிலில் தேங்காயெண்ணெய் உருக்கப்பட வேண்டியதே இல்லை. காஸ்டிக் கரைசல் ஆறும்வரை காத்திருப்பதுதான் வேலை. ஹேண்ட் பிளெண்டர் வைத்து அடித்தால் சில நிமிடங்களில் கலவை தோசைமாவுப் பதத்துக்கு வந்து, கரண்டியிலிருந்து விழும் கோடு மேற்பரப்பில் தங்கும். அதுதான் 'ட்ரேஸ்'. அச்சில் ஊற்றி ஒரு நாள் மூடி வைத்து, வெட்டி, நான்கிலிருந்து ஆறு வாரம் காற்றாட அடுக்கி வைக்க வேண்டும்.

இந்தச் சேர்மானத்தில் ஒவ்வோர் எண்ணெய்க்கும் வேலை உண்டு. தேங்காயெண்ணெயின் லாரிக் அமிலம் கட்டிக்குக் கெட்டித்தன்மையும் பெரிய நுரையும் தருகிறது. விளக்கெண்ணெயின் ரிசினோலிக் அமிலம் அந்த நுரையை நிலைநிறுத்துகிறது. நல்லெண்ணெய் வழுவழுப்பைத் தருகிறது. குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அறுபது சதவீதத் தேங்காயெண்ணெய் அழுக்கோடு தோலின் எண்ணெயையும் சேர்த்து எடுத்துவிடும். வறண்ட தோல்காரர்களுக்கு இழுக்கும். நல்லெண்ணெயில் லினோலிக் அமிலம் அதிகம் என்பதால் கட்டியில் சில மாதங்களில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றி, சிக்கு வாடை வரலாம். முதல் குறையை மிச்ச எண்ணெயைக் கூட்டிச் சமாளிக்கலாம். முழுக்கத் தேங்காயெண்ணெயிலேயே செய்பவர்கள் இருபது சதவீதம் வரை விடுவது அதனால்தான். இரண்டாவதற்கு நல்லெண்ணெயைக் குறைப்பதே நம்பகமான வழி.

இருந்தாலும் இந்தக் கட்டியை நான் மேல்நாட்டுச் செய்முறைகளின் நகலைவிட உயர்த்தியே மதிப்பிடுவேன். நாற்பது பங்கு ஆலிவ், முப்பது பங்கு பாமாயில், முப்பது பங்கு தேங்காய் என்னும் அந்தப் புகழ்பெற்ற விகிதம் மென்னீர் வரும் ஊர்களுக்கானது. சென்னைப் புறநகரின் போர் தண்ணீரில் அது நுரைக்கத் திணறும். கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாக வாளி ஓரத்தில் படியும். உப்புத் தண்ணீரிலும் நுரைக்கக்கூடிய சோப்பு தேங்காயெண்ணெய்ச் சோப்பு. ஆலிவ் விலையைக் கொடுத்து நம் தண்ணீருக்குப் பொருந்தாத சோப்பைச் செய்வது ரசனை அல்ல, நகல். கசடைக் குறைக்கக் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்ப்பவர்கள் விவரமானவர்கள். ஆனால் ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் 0.62 கிராம் காஸ்டிக்கைத் தின்றுவிடும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 'இயற்கையாக இருக்கட்டும்' என்று எலுமிச்சைச் சாற்றை ஊற்றுபவர்களும் தெரியாமல் இதே கழித்தலைத்தான் செய்கிறார்கள், எவ்வளவு கழிந்தது என்று அறியாமல்.

மரச்செக்கு எண்ணெய் விவகாரத்தில் என் தீர்ப்பு பலருக்குப் பிடிக்காது. செக்கெண்ணெயின் மணமும் நுண்சத்தும் உண்மை. சாப்பாட்டில் அதற்கு நிகர் இல்லை. காஸ்டிக்கோடு கலந்த பிறகு அந்த மணத்தில் பெரும்பங்கு போய்விடும். கொழுப்பு அமிலங்களைப் பொறுத்தவரை செக்குத் தேங்காயெண்ணெயும் ஆலைத் தேங்காயெண்ணெயும் ஒன்றே. சோப்பாகாமல் நிற்கும் சிறுபகுதி மட்டுமே வேறுபடும், அதையும் தண்ணீர் கழுவிக்கொண்டு போகும். செக்கெண்ணெயைத் தலையில் தேய்த்துக்கொள்ளுங்கள், தாளிக்கப் பயன்படுத்துங்கள். அச்சில் ஊற்றிவிட்டு அந்த விலையை வாங்குபவர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. வேப்பெண்ணெய் இதற்கு விலக்கு. அதன் கசப்பும் வாடையும் காஸ்டிக்குக்கும் அசையாதவை. பத்துப் பங்குக்குள் நிறுத்திக்கொண்டால் குளியலறையில் சகித்துக்கொள்ளலாம்.

அடுத்தது மூலிகை. இந்தத் துறையின் பெருமை முழுவதும் இதன்மேல் கட்டப்பட்டிருக்கிறது. அதன் பலவீனமும் இங்கேதான். குப்பைமேனி, ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சள், அதிமதுரம், குங்குமப்பூ, செஞ்சந்தனம் என்று உறைமேல் நீளும் பட்டியல் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் சோப்பு தோலில் தங்கும் நேரம் ஒரு நிமிடத்துக்குள். தங்கும் அந்த நேரத்திலும் அதன் தொழில், தோல்மேல் இருப்பதை எடுத்துக்கொண்டு போவது. பற்றாகப் போட்டு அரைமணி நேரம் வைத்திருக்கும்போது ஒரு மூலிகை செய்யும் வேலையை, நுரையோடு வழிந்தோடும்போதும் செய்யும் என்பதற்கு என்ன ஆதாரம்? அதற்கு முன்பே அது கடுங்காரத்தின் வழியாக வந்திருக்கிறது. வைட்டமின் சி காரத்தில் தாங்காது. பாலைக் காஸ்டிக்கில் நேராக ஊற்றினால் அதன் சர்க்கரை கருகிப் பழுப்பாகும், அம்மோனியா வாடையும் எழும். உறைய வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கத் தெரிந்தவர்களிடம்தான் ஆட்டுப்பால் சோப்பு வெள்ளையாக வருகிறது. கழுதைப்பாலின் விலையைச் சொல்லி விற்பவர்களிடம், ஒரு கட்டியில் எத்தனை மில்லி என்று கேட்டுப் பார்க்கலாம்.

நிறத்தின் கதையைப் பார்த்தால் காரம் தாவரத்தை என்ன செய்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். பீட்ரூட் சிவப்பு ஒரே நாளில் மண் நிறமாகிவிடும். செம்பருத்தி பச்சையும் பழுப்புமாகக் குழம்பும். மஞ்சள் செம்மண் நிறத்துக்குப் போய்ப் பிறகு வெயிலில் வெளிறும். மேலே அலங்காரமாகப் பதித்த ரோஜா இதழ் ஒரு வாரத்தில் கறுத்துச் சுருண்டு, அதைச் சுற்றித் தேநீர்க் கறைபோல் ஒரு வளையம் விடும். ஆவாரம்பூப் பொடி சரியாகச் சலிக்கப்படாவிட்டால் முதுகில் மணல் தேய்த்ததுபோல் இருக்கும். காரத்துக்கு ஈடுகொடுப்பவை சில: அவுரியின் நீலம் நிற்கும், வேம்பாளம்பட்டை எண்ணெயில் சிவந்து, சோப்பில் ஊதாவாக மாறி, அந்த ஊதாவிலேயே ஓரளவு நிலைக்கும். இந்த மாற்றத்தை முன்கூட்டியே அறிந்து, அதை வடிவத்துக்குப் பயன்படுத்துபவர்களை நான் கலைஞர்கள் என்றே சொல்வேன். எண்ணிக்கையில் குறைவு என்றாலும் அவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்கள் கடையில் வாங்கிய நிறமியைச் சேர்த்துவிட்டு உறைமேல் பீட்ரூட் படம் போடுகிறார்கள்.

வீட்டுச் சோப்புக்கு இழைக்கப்படும் ஓர் அநீதியையும் சொல்லியாக வேண்டும். சோப்பின் தரத்தை டி.எஃப்.எம்., அதாவது மொத்தக் கொழுப்புப் பொருளின் சதவீதத்தால் அளக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி டாய்லெட் சோப்பில் முதல் தரத்துக்கு 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. குளியல் கட்டி என்னும் வகைக்கு 40 இருந்தாலே போதும். மேலே சொன்ன மாதிரிக் கட்டி, வெட்டிய அன்று 65 அளவில் நிற்கும். ஆறு வாரம் நன்றாகக் காய்ந்தால் 73 வரை ஏறலாம். முதல் தரத்தை எட்டாததற்குக் காரணம் மட்டமான சரக்கு அல்ல. கட்டிக்குள்ளேயே தங்கிவிட்ட கிளிசரின். பெரிய ஆலைகள் கொதிமுறையில் அந்தக் கிளிசரினைப் பிரித்து எடுத்துத் தனியே விற்கின்றன. ஈரத்தை இழுத்து வைக்கும் நல்ல பொருள் உள்ளே இருப்பதாலேயே மதிப்பெண் குறைகிறது என்றால், கோளாறு அளவுகோலில்தான். தன் சோப்பு இரண்டாம் தரக் கணக்கில்தான் வரும், அதற்குக் காரணம் இது என்று ஒரு வீட்டுத் தயாரிப்பாளர் எழுதியிருந்தால் அவரை நான் நம்புவேன். ஆனால் நடப்பது வேறு, உறைமேல் 'டி.எஃப்.எம். 85' என்று அச்சாகிறது. துளி ஈரம் இல்லாமல் எலும்பாகக் காய்ந்தாலும் அந்த மாதிரிக் கட்டி 85-ஐத் தொடாது. கூட்டல் தெரிந்தவர் எவரும் சரிபார்க்கக்கூடிய பொய்.

'பிஎச் 5.5' என்பது அதற்கு அண்ணன். உண்மையான சோப்பு 9-க்கும் 10-க்கும் இடையில்தான் இருக்கும். தோலின் அமிலத்தன்மைக்கு இறக்கிக்கொண்டு வந்தால் அது சோப்பாகவே இருக்காது. உடைந்து கொழுப்பு அமிலமாகத் திரிந்துவிடும். 5.5 வேண்டும் என்றால் செயற்கைச் சலவைப் பொருளால் ஆன கட்டியைத்தான் வாங்க வேண்டும். அதில் தவறு ஒன்றும் இல்லை, எளிதில் எரிச்சல் காணும் தோலுக்கு அதுவே ஏற்றது. ஆனால் 'நூறு சதவீதம் இயற்கைச் சோப்பு, பிஎச் 5.5' என்று ஒரே வரியில் எழுதுபவர் இரண்டில் ஒன்றைப் பற்றியாவது பொய் சொல்கிறார். 'கெமிக்கல் இல்லாதது' என்னும் முழக்கமும் இப்படித்தான். காஸ்டிக் சோடா இல்லாமல் கட்டிச் சோப்பு இல்லை. அது வேலையை முடித்துவிட்டு மிச்சமில்லாமல் மாறிப்போகிறது என்று சொல்வதற்கு என்ன கூச்சம்?

உருக்கி ஊற்றும் வகையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஆலையில் செய்த சோப் பேஸை வெட்டி, உருக்கி, வாசனையும் பொடியும் சேர்த்து சிலிக்கான் அச்சில் ஊற்றுவது. காஸ்டிக் ஆபத்து இல்லை, காத்திருக்க வேண்டியதில்லை, பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். வடிவத்திலும் நிறத்திலும் சில கைகள் அற்புதம் செய்கின்றன. அதை அச்சுக் கலை என்று பாராட்டலாம். சோப்பு செய்தேன் என்று சொன்னால்தான் இடிக்கிறது. செய்தது பேஸ் தயாரித்த ஆலை. அந்தப் பேஸில் சல்பேட் வகைச் சலவைப் பொருள் இருக்கிறதா என்று உறையைத் திருப்பிப் பார்க்காமலே 'சல்பேட் இல்லாதது' என்று விற்பவர்களும் உண்டு. பகட்டான ஒருநாள் பயிற்சிகளில் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் இதுதான் என்பதை, பணம் கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது.

சோப்பில் ஏற்படும் பிழைகள் பெரும்பாலும் பணத்துக்கும் கொஞ்சம் எரிச்சலுக்கும் ஆனவை. முகத்தில் தடவி அப்படியே விடும் பொருள்களில் பிழையின் விலை வேறு. இங்கே எல்லாவற்றையும் பிரிக்கும் கோடு ஒன்றுதான்: உள்ளே தண்ணீர் இருக்கிறதா, இல்லையா. எண்ணெயும் மெழுகும் மட்டும் சேர்ந்த உதட்டுப் பூச்சு, தைலம், உடல் வெண்ணெய் ஆகியவற்றில் கிருமி பெருகத் தேவையான ஈரம் கிடையாது. சுத்தமான டப்பாவில் மாதக்கணக்கில் இருக்கும். தேன்மெழுகை நம் கோடைக்கு ஏற்றபடி கொஞ்சம் கூட்டி வைத்தால் போதும். அதிலும் பீட்ரூட் சாற்றைக் கலந்து சிவப்பாக்கப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். அந்தச் சிவப்பு தண்ணீரில் கரைவது, எண்ணெயில் கரையாது. உதட்டில் புள்ளி புள்ளியாக நிற்கும். எண்ணெயிலேயே சிவப்பை இறக்கும் வேம்பாளம்பட்டையைத் தலைத்தைலத்தில் போட்டுப் பழகிய ஊர் இது. அதை விட்டுவிட்டுப் பீட்ரூட்டைத் தேடிப் போவானேன்?

தண்ணீர் உள்ள பக்கத்தில் என் தீர்ப்பு கடுமையானது. கற்றாழைச் சோற்றை மிக்ஸியில் அடித்து, இரண்டு வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றி, 'கெடாமல் இருக்க வைட்டமின் ஈ சேர்த்திருக்கிறோம்' என்று சொல்லி டப்பாவில் அடைத்துக் கொடுக்கிறார்கள். வைட்டமின் ஈ, எண்ணெய் சிக்கு அடிப்பதைத் தாமதப்படுத்தும் பொருள். பாக்டீரியாவையோ பூஞ்சையையோ அது ஒன்றும் செய்யாது. கற்றாழைச் சாறு அந்த இரண்டுக்கும் விருந்து. வாடையோ நிறமோ மாறும் முன்பே கிருமி பெருகியிருக்கலாம் என்பதால், மோந்து பார்த்துத் தீர்மானிக்கும் வீட்டு வழக்கமும் இங்கே உதவாது. அரிசி கழுவிய தண்ணீரில் செய்த டோனர், பாலாடைக் கிரீம், வெள்ளரிச் சாற்று ஜெல் எல்லாவற்றுக்கும் இதுவே. அன்றன்றைக்குச் செய்து அன்றே தடவிக்கொள்வதில் எனக்கு மறுப்பு இல்லை. அரைத்த சட்னியை நாம் தபாலில் அனுப்புவதில்லை. விற்க வேண்டுமானால் முறையான பதப்பொருள் சேர்க்க வேண்டும், அதன் அளவையும் பிஎச்சையும் பார்க்க வேண்டும். பதப்பொருள் என்ற சொல்லையே கெட்ட வார்த்தையாக்கிவிட்டுத் தண்ணீர்ப் பொருள் விற்பது இந்தத் துறையின் மிகப் பெரிய முரண்பாடு. வீட்டு சன்ஸ்கிரீனைப் பற்றி ஒரு வரி போதும்: துத்தநாக ஆக்சைடு கிரீமில் சமமாகப் பரவியதா, திரண்டு நின்றதா என்று கண்ணால் அறிய முடியாது, எவ்வளவு காக்கும் என்று அளக்க வீட்டில் வழியும் இல்லை, ஆகவே செய்யக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு, சோப்புக்காரர்கள் ஒரு பக்கப் பொருளாக மட்டும் விற்கும் நலங்கு மாவுக்கு வருகிறேன். முறை, இசைவு, பயன் மூன்றிலும் இந்தத் துறையில் முதலிடம் அதற்குத்தான். பாசிப்பயறும் கடலைப்பருப்பும் அடிப்படை. கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ரோஜா இதழ், ஆவாரம்பூ என்று மணத்துக்கும் குணத்துக்கும் சேர்ப்பவை. உலர்ந்த பொருள் என்பதால் பதப்பொருள் தேவையில்லை. காரத்தின் வழியாக வராததால் மூலிகை மூலிகையாகவே இருக்கிறது. சோப்பின் காரத்தன்மை இல்லை. தண்ணீரோ தயிரோ குளிக்கும் நேரத்தில் சேர்க்கப்படுகிறது. கெடுவதற்கு அவகாசமே கிடையாது. தண்ணீரைக் கடைசி நொடிவரை தள்ளிவைக்கும் இந்த ஏற்பாட்டில், கற்றாழை ஜெல்காரர்கள் தடுமாறும் கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. எண்ணெய்த் தேய்ப்பை முழுக்க எடுக்க மாவுக்கு வலு போதாது, சீயக்காயோ சோப்போ வேண்டியிருக்கும். பொருள்களை ஈரம் போகக் காயவைக்காமல் அரைத்தால் டப்பாவில் பூஞ்சை பூக்கும், வண்டு விழும். நைசாக அரைக்கப்படாத கிழங்குத் தூள் முகத்தைக் கீறும். (மிளகாய் அரைத்த மில்லில் அடுத்ததாக நலங்கு மாவைக் கொடுத்தவர்களுக்கு இந்தப் பட்டியலில் இன்னொரு வரி தெரியும்.) எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பட்டியல்களில் கேள்வி கேட்காமல் இடம்பெறும் கார்போக அரிசி. அதில் சோராலென் என்னும் பொருள் இருக்கிறது. வெயிலின் புறஊதாக் கதிரோடு சேரும்போது தோலைச் சிவக்கவும் கருக்கவும் வைக்கக்கூடியது. வெண்புள்ளிக்கு வைத்தியர்கள் அதைப் பயன்படுத்தியது இந்தக் குணத்துக்காகத்தான். நிறம் கூட்டும் என்று சொல்லி அதை முகப்பற்றில் சேர்த்துக் கொடுப்பதும், போட்டுக்கொண்டவர் வெயிலில் போய் நிற்பதும் மாவு செய்பவர் பொறுப்பில் வரும் காரியங்கள். குளியல் பொடியில் அதை நீக்கிவிடுவதால் மணத்திலும் நுரையிலும் இழப்பு ஒன்றும் இல்லை.

கடைசியாக விற்பனை. தனக்கும் உறவுக்கும் செய்துகொள்ளும்வரை இது கைப்பழக்கம். விலை வைத்ததும் சட்டம் வந்துவிடும். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி தயாரித்து விற்க மாநில உரிம அதிகாரியிடம் உரிமம் பெற வேண்டும். மருந்து, மாய மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம், வெண்புள்ளி உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. சிறு தயாரிப்பாளருக்கு உரிமத்தின் இட வசதி நிபந்தனைகள் எட்டாதவை என்னும் முறையீட்டில் நியாயம் உண்டு. 'சோரியாசிஸ் சரியாகும்' என்று உறைமேல் அச்சடித்ததற்கு அந்த நியாயம் உதவாது. உரிமத்துக்கு முன்பே, செலவில்லாமல், நாளைக்கே செய்யக்கூடியவை சில இருக்கின்றன: எண்ணெய்களின் பெயரும் விகிதமும், காஸ்டிக் சோடா பயன்பட்டது என்னும் ஒரு வரி, எவ்வளவு எண்ணெய் மிச்சம் விடப்பட்டது, அச்சில் ஊற்றிய தேதி. மூலிகைப் பட்டியலுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதி போதும் இவற்றுக்கு. ஊற்றிய தேதி இல்லாத கட்டியை நான் வாங்குவதில்லை. இருபது நாளில் உறையிட்ட சோப்பு மழைக்காலத்துச் சோப்புப் பெட்டியில் கூழாகக் கரைந்துபோகும்; அதே சேர்மானத்தை நாற்பது நாள் காயவைத்திருந்தால் இன்னும் பல நாள் உழைத்திருக்கும்.